புள்ளி இல்லாத தெரு நல்ல தெருவா? பொலிஸ் டொட் யூகே பற்றி ஒரு கடைக்காரனின் கணக்கு

லண்டனில் வீடு தேடுகிற எங்கடை சனத்துக்கு ஒரு வழமை உண்டு. முதலில் விலை பார்ப்பார்கள். பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அரசாங்க ஆய்வாளர்கள் எழுதுகிற ஒஃப்ஸ்டெட் அறிக்கை. கடைசியாக, வீட்டில் மனுசி சொல்லி, பொலிசில் பதிவான குற்றங்களை வரைபடத்தில் காட்டுகிற பொலிஸ் டொட் யூகே தளத்தில் அந்தப் போஸ்ட்கோடைத் தட்டுவார்கள். வரைபடம் விரியும். வட்டங்கள் வரும், வட்டத்துக்குள் எண்கள் வரும். எண் பெரிதாக இருந்தால் "அந்தப் பக்கம் எங்களுக்குச் சரிவராது" என்று முடிவாகிவிடும். தோட்டத்தோடு வந்த நல்ல வீடு ஒன்றை இப்படிக் கைவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த எண்ணில் பெரும்பங்கு, தெருமுனையில் இருக்கிற சுப்பர்மார்க்கெட்டில் நடந்த களவு.

நான் கிழக்கு லண்டனில் மூலைக்கடை நடத்துகிறவன். எங்கள் வட்டாரத்து வார்ட் பனலிலும் இருக்கிறேன். அடுத்த சில மாதங்களுக்கு எந்தெந்த விஷயங்களில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்று, குடியிருப்பவர்களும் கடைக்காரரும் சேர்ந்து உள்ளூர்ப் பொலிசுக்குச் சொல்லுகிற கூட்டம் அது. ஆகவே இந்தத் தளம் எனக்கு வேலைக்கு வேண்டிய சாமான். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடு பார்க்கிறவருக்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கப் போகிறவருக்கு நாலு.

தெரு வாரியான குற்ற வரைபடம் 2011 பெப்ரவரித் தொடக்கத்தில் வந்தது. முதல் நாளே சனம் முண்டியடித்ததில் தளம் படுத்துவிட்டது. அப்போது ஆறே ஆறு தலைப்புகள், இப்போது பதினான்கு. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து இருக்கும். கிளாஸ்கோவில் இருக்கிற உங்கள் மச்சான் தன் தெருவைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஸ்கொட்லாந்துப் பொலிஸ் இதில் இல்லை. தரவு மாதத்துக்கொரு முறை, பிந்தித்தான் வரும். காசு கட்டத் தேவையில்லை, பதிவு செய்யத் தேவையில்லை. கைபேசியிலும் ஓரளவுக்கு ஒழுங்காக வேலை செய்யும், பெருவிரல் தடித்த என்னைப் போன்றவர்கள் வட்டத்தைத் தொட இரண்டு முறை பெருப்பிக்க வேண்டும்.

இனிப் புள்ளி எப்படி விழுகிறது என்பதைப் பார்ப்போம், கனபேருக்கு இது விளங்குவதில்லை. குற்றம் நடந்த வாசலில் புள்ளி விழாது. நாடு முழுவதும் முன்கூட்டியே குறித்து வைத்த இடங்கள் உண்டு: ஒரு தெருவின் நடு, ஒரு பூங்கா, ஒரு கடைத்தொகுதி, ஒரு பெற்றோல் நிலையம். உண்மையில் நடந்த இடத்துக்கு எது கிட்டவோ அதில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். அப்படி ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் குறைந்தது எட்டு முகவரிகளாவது இருக்க வேண்டும், அல்லது முகவரியே இருக்கக்கூடாது. அடிவாங்கிய பெண்ணின் வீட்டை அயலவர் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருக்கவேண்டிய மறைப்பு.

ஆனால் அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். என் கடையில் நடந்தது சுப்பர்மார்க்கெட் புள்ளியில் சேரலாம், பின்தெருவில் நடந்தது பஸ் நிலையப் புள்ளியில் சேரலாம். லண்டனின் யூசிஎல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015இல் இந்தத் தரவைப் பொலிசின் மூலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில நூறு வீடுகள் கொண்ட பெரிய வட்டாரமாக எடுத்தால் பரவாயில்லை, ஒரு சில வீடுகளே அடங்குகிற போஸ்ட்கோடு அளவுக்கு இறங்கினால் நம்ப முடியாது என்று கண்டார்கள். எங்கடை ஆட்கள் பார்ப்பதோ அந்தப் போஸ்ட்கோடைத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குற்றம் ஒரு வட்டாரம் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தைப் பற்றி 1989இல் வெளியான ஆய்வில், நகரத்து முகவரிகளில் ஏறத்தாழ 3 வீதத்திலிருந்துதான் பொலிசுக்குப் போன அழைப்புகளில் பாதி வந்திருந்தது. ஒரு மதுக்கடை, ஒரு பஸ் தரிப்பு, ஒரு மாடிக்குடியிருப்பின் ஒரே ஒரு படிக்கட்டு. கடை வைத்திருக்கிறவனுக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மெயின் றோட்டில் கரைச்சல் வருகிற இடம் மொத்தமே ஐம்பது அடி நீளம். அந்த ஐம்பது அடியைக் காட்ட வேண்டிய வரைபடம் அதைத்தான் மங்கலாக்கி வைத்திருக்கிறது.

நேரமும் இல்லை. மாதம் மட்டும்தான் போட்டிருக்கும். எந்த நாள், எத்தனை மணி என்று கிடையாது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். பள்ளிக்கூடம் விட்டுப் பொடியங்கள் பஸ் தரிப்பில் கூடுகிற மூன்றரை மணிக்கு வருகிற அடிதடிக்கும், பப் மூடுகிற பதினொரு மணி அடிதடிக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு ஆசிரியர் ஒருவர் மஞ்சள் ஜக்கெட்டோடு வந்து நின்றாலே பாதி குறையும். இரண்டாவதற்கு மதுவிற்பனை உரிமத்தில் கை வைக்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை என்ற எண்ணை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் தீர்மானிக்க ஏலாது.

தலைப்புகளுக்கு வருவோம். 'வன்முறையும் பாலியல் குற்றங்களும்' என்று ஒரே தலைப்பு. எங்கள் வட்டாரத்தில் அநேகமான மாதங்களில் முதலிடம் இதற்குத்தான். வீடு பார்க்கிறவர் இதைக் கண்டதும் தெருவில் கத்தியோடு யாரோ நிற்பதாக நினைத்துக்கொள்வார். உள்ளே என்னென்ன இருக்கிறது? கத்திக்குத்து இருக்கிறது. கன்னத்தில் ஒரு அறையும் இருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும், கைபேசியில் மிரட்டல் அனுப்புவதும் இருக்கின்றன. பொலிசில் பதிவாகும் வன்முறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்குள் நடப்பது, கணவனோ பழைய காதலனோ சொந்தக்காரனோ செய்வது. அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு விளக்கும் கமராவும் கேட்டுக் கையெழுத்து வேட்டை நடத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு வெளியில் எரிகிற விளக்கால் என்ன பிரயோசனம்?

2011 மார்ச்சில், இந்த வரைபடம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தெற்கு லண்டன் ஸ்டொக்வெல்லில் எங்கள் ஆள் ஒருவரின் கடைக்குள் ஒருவன் ஓடி நுழைந்தான். துரத்தி வந்தவர்கள் வாசலில் நின்று சுட்டார்கள். உள்ளே நின்ற ஐந்து வயதுத் தமிழ்ப் பிள்ளைக்குச் சூடு பட்டு நடை போனது. லண்டனில் கடை வைத்திருக்கிற எந்தத் தமிழனும் அதை மறக்கவில்லை. வரைபடத்தின் கணக்கில் அது வன்முறை என்ற தலைப்பின் கீழ் வரும்; அந்த வாரம் எங்கோ குடித்துவிட்டுத் தள்ளுப்பட்டவர்களும் அதே தலைப்பின் கீழ்தான் வருவார்கள்.

கடைக்களவைப் பற்றி நான் கொஞ்சம் கூடக் கதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் பிழைப்பு அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024இல் பொலிசில் பதிவான கடைக்களவு 516,971. முந்தைய வருசத்தை விட 20 வீதம் கூட. பத்திரிகைகள் எல்லாம் தலைப்புப் போட்டன. அதே காலத்துக்குக் கிட்ட, 2024 ஓகஸ்ட் வரையான ஒரு வருசத்துக்கு, பிரிட்டிஷ் சில்லறை வணிகர்களின் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு 20 மில்லியனுக்கும் மேலே. நாற்பது களவு நடந்தால் ஒன்றுதான் வரைபடம் வரைக்கும் போய்ச் சேருகிறது என்று பிழையில்லாமல் சொல்லலாம்.

மிச்சம் எங்கே போகிறது என்று என் கவுன்டரில் வந்து நின்றால் தெரியும். ஒருவன் கோப்பிப் போத்தல் இரண்டையும் சீஸ் கட்டிகளையும் ஜக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகிறான். கடையில் நான் ஒருத்தன். லைனில் நாலு பேர், அதில் ஒரு ஆச்சி பஸ் கார்டுக்குக் காசு போடக் காத்துக்கொண்டு நிற்கிறா. முறைப்பாடு செய்வதென்றால் படிவம் நிரப்ப வேண்டும், கமராவில் அந்த நிமிசத்தைத் தேடி வெட்டி எடுத்து ஏற்ற வேண்டும், களவுபோன சாமானின் விலை எழுத வேண்டும். 200 பவுண்டுக்குள் அடங்கும் கடைக்களவை 2014ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறைக் குற்றமாக வைத்தது. அதை எங்களைவிட வடிவாகத் தெரிந்து வைத்திருப்பவன் களவெடுக்கிறவன்தான். ஆகவே ஆள் மிரட்டினால், கை வைத்தால், வொட்காப் பெட்டியோடு போனால் எழுதுவோம். கோப்பிக்கு எழுத மாட்டோம். பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டில் பாதுகாவலர் இருக்கிறார், எழுதுவதே அவர் வேலை. எனவே அங்கே வட்டம் பெருக்கும், என் பக்கம் சுத்தமாக இருக்கும். அடுத்த மாதம் ரோந்துக்கு ஆள் அனுப்புகிறவர் எதைப் பார்த்து அனுப்புவார்?

பொலிசின் பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல். 2014 ஜனவரியில் புள்ளிவிவர ஆணையம், பொலிஸ் பதிவு செய்யும் குற்றக் கணக்குக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற அந்தஸ்தைப் பறித்தது. அந்த வருசம் நவம்பரில் பொலிசின் வேலையைச் சோதிக்கிற ஆய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், சனம் வந்து சொன்ன குற்றங்களில் 19 வீதம் பதிவாகவே இல்லை. வன்முறையில் 33 வீதம். அதற்குப் பிறகு பதிவு திருந்தியது. திருந்தியதால் எண் ஏறியது, எண் ஏறியதால் வன்முறை பெருகிவிட்டது என்று சனம் பயந்தது. கிரேட்டர் மன்செஸ்டர்ப் பொலிஸ் 2019 ஜூலையில் புதிய கணினி முறைக்கு மாறியதிலிருந்து, அந்த ஊர் வரைபடத்தில் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்தக் காலத்தில்தான் அங்கே வருசத்துக்கு ஏறத்தாழ 80,000 குற்றங்கள் பதிவுக்கே வராமல் போனதாக 2020 டிசம்பரில் அறிக்கை வந்தது. அப்போது அங்கே வீடு பார்த்தவர்கள் வெறும் வரைபடத்தைக் கண்டு சந்தோசப்பட்டிருப்பார்கள்.

பொலிசிடம் வந்ததை மட்டும் நம்பாமல் வீடு வீடாகக் கேட்டு எடுக்கிற குற்ற அளவீடு ஒன்று 1982இலிருந்து நடக்கிறது. நாட்டின் போக்கை அறிய அது நல்லது. உங்கள் தெருவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

புள்ளி இல்லாத இடம் என்றால் என்ன என்பதை எங்கள் வார்ட் பனலில் ஒரு அம்மா சொன்ன மாதிரி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து மேசையில் விரித்திருந்தோம். கவுன்சில் மாடிக்குடியிருப்பு ஒன்றில் ஒரு வட்டமும் இல்லை. கூட்டத்தில் இருந்த வெள்ளைக்கார ஐயா அதைக் காட்டி, அங்கே பிரச்சினை இல்லைத்தானே, ரோந்தை வேறு பக்கம் போடலாமே என்றார். அந்த அம்மா அதே கட்டிடத்தில் இருக்கிறவ, வவுனியாப் பக்கம். என்னிடம் தமிழில் சொன்னா: "தம்பி, அவருக்குச் சொல்லுங்கோ. எங்கட படிக்கட்டில ஒவ்வொரு இரவும் பொடியங்கள் பொட்டலம் விக்கிறாங்கள். ஒருத்தரும் போன் பண்ணுறேல்லை. விசாப் பிரச்சினை உள்ளவைக்குப் பயம், ஊரில பொலிசைக் கண்டவைக்கு இன்னும் பயம். பண்ணினாலும் யூனிஃபோர்மோட வந்து எங்கட கதவைத்தானே தட்டுவாங்கள்?" நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் படிக்கட்டு அன்று முதலாவது முன்னுரிமையாகப் போனது.

பயத்தால் மட்டும் சனம் வாய்மூடுவதில்லை. வரைபடம் வந்த 2011இலேயே ஒரு காப்புறுதி நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், தெருவின் பெயர் கெட்டு வீடு விலைபோகாது என்பதற்காகக் குற்றத்தை முறைப்பாடு செய்யாமல் விட்டவர்கள் ஐந்து மில்லியனைத் தாண்டுவார்கள் என்று கணக்கிட்டார்கள். காப்புறுதிக்காரரின் கணக்கு, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும். ஆனாலும் வீட்டுக்கடன் கட்டுகிறவனின் மனசு எனக்கு விளங்கும். வாடகைக்கு இருக்கிற மெயின் றோட்டுக்காரர் கூப்பிடுவார்கள், சொந்த வீட்டுக்காரர் திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள். வரைபடத்தில் சொந்த வீட்டுக்காரரின் தெரு பத்திரமானதாகத் தெரியும்.

இதற்கு மாற்று இருக்கிறது, அதுவும் இந்த நாட்டிலேயே. கார்டிஃப் நகரில் முகத்தாடை சத்திரசிகிச்சை நிபுணர் ஜொனதன் ஷெப்பர்ட் தொடக்கிய முறை. கிழிந்த முகங்களைத் தைத்துக்கொண்டிருந்தவர், ஆஸ்பத்திரிக்கு வருகிற வன்முறைக் காயங்களில் பெரும்பகுதி பொலிசுக்குத் தெரியாது என்பதைக் கவனித்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பாளர் சில கேள்விகள் கேட்பார்: எந்த இடம், எந்தப் பப், எத்தனை மணி, என்ன ஆயுதம். பெயர் விலாசத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொலிசும் நகரசபையும் ஆஸ்பத்திரியும் இருக்கிற குழுவுக்கு அனுப்புவார்கள். அதை வைத்து ரோந்து மாறியது, குறிப்பிட்ட பப்புகளின் உரிமம் கேள்விக்கு வந்தது, உடைந்தால் முகத்தைக் கிழிக்காத கிளாஸ் பேசுபொருளானது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் 2011இல் வந்த மதிப்பீட்டில், வன்முறையால் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்கள் ஒரு இலட்சம் பேருக்கு மாதம் 7 என்பதிலிருந்து கார்டிஃபில் 5 ஆகக் குறைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களில் 5 ஆக இருந்தது 8 ஆகக் கூடியது.

வரைபடத்தில் இல்லாத மணியும் கதவும் ஆயுதமும் அங்கே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். விசா பயத்தில் பொலிசைக் கூப்பிடாதவனும் தலை உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும். லண்டனிலும் அம்புலன்ஸ் தரவையும் பொலிஸ் தரவையும் ஒன்றாக வைக்கிற முறை மேயர் அலுவலகத்திடம் இருக்கிறது. அது அதிகாரிகள் பார்ப்பதற்கு, உங்களுக்கும் எனக்கும் திறக்காது. 2023 ஜனவரி முடிவிலிருந்து கவுன்சில், பொலிஸ், சுகாதாரத்துறை எல்லாரும் தங்கள் பகுதி வன்முறையின் காரணங்களைச் சேர்ந்து ஆராய்ந்து திட்டம் எழுத வேண்டும் என்று சட்டக் கடமை வந்திருக்கிறது. உங்கள் கவுன்சிலின் திட்டத்தைத் தேடி வாசித்துப் பாருங்கள், வரைபடத்தை விட அதில் விஷயம் கூட.

இவ்வளவு குறை சொன்னவன் நாலு நட்சத்திரம் ஏன் கொடுத்தான் என்று கேட்பீர்கள். வட்டத்தைத் தொட்டால், அந்த முறைப்பாடு என்னவாயிற்று என்று காட்டும். 'விசாரணை முடிந்தது, சந்தேகநபர் அடையாளம் காணப்படவில்லை' என்ற வரி கண்ணுக்குப் பழகிப்போகும். கூட்டத்தில் "வீடு உடைப்பு குறைந்திருக்கிறது" என்று ஒருவர் சொல்லும்போது, "குறைந்தது சரி, போன வருசம் உடைத்தவர்களில் எத்தனை பேர் பிடிபட்டார்கள்?" என்று தாளைக் காட்டிக் கேட்கலாம். தீபாவளிக் காலத்தில், தங்கம் வைத்திருக்கிற வீடுகள் என்று ஆசியர் வீடுகளைக் குறிவைப்பதைப் பற்றிப் பொலிசே எச்சரிக்கும். எங்கள் தெருக்களின் ஒக்டோபர், நவம்பர் எண்ணை முந்தைய வருசங்களோடு வைத்துப் பார்த்துவிட்டுப் போனால் பேச்சுக்குக் கனம் வரும். தெருவில் மறித்துச் சோதிக்கிற கணக்கும் தளத்தில் உண்டு. நாட்டளவில் பத்தில் ஏழு சோதனைகளில் மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை. உங்கள் வட்டாரத்தில் எப்படி என்று எண்ணிப் பார்க்கலாம். வட்டாரப் பொலிசின் பெயர்கள், கூட்ட நாட்கள் எல்லாம் அதே பக்கத்தில். எக்செல் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டேட்டா டொட் பொலிஸ் டொட் யூகேயில் முழுத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

எங்கள் பனலில் நாங்கள் இப்போது கேட்பது ஒன்றுதான்: விலாசம் வேண்டாம், மணி வாரியாகப் பிரித்துத் தாருங்கள். ஒரு கூட்டத்துக்கு வார்ட் பொலிஸ்காரர் அப்படி ஒரு தாள் கொண்டுவந்தார். பள்ளிக்கூட நாட்களில் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் எண் குத்தென்று ஏறியிருந்தது. பஸ் தரிப்பில் ஆசிரியர் நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வீடு பார்க்கிறவர்களுக்கு: குறைந்தது பன்னிரண்டு மாத எண்ணைப் பாருங்கள், தலைப்பைப் பிரித்துப் பாருங்கள், சுப்பர்மார்க்கெட் வட்டத்தைக் கழித்துவிடுங்கள். பிறகு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து போய், மூலையில் திறந்திருக்கிற கடைக்காரனிடம் கேளுங்கள். எதையாவது வாங்கிக்கொண்டு கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்லுவோம்.